ஓடிய கால்களும் பிடித்த கைகளும்

சென்ற மார்கழி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், என் தமக்கையின் மகன் சென்னையில் நடந்த மராத்தான் பந்தயத்தில் ஓடினான். 42 கிலோமீட்டர் 195 மீட்டர் தூரம். பொழுது விடிவதற்கு முன்பே கிளம்பியவன் ஒன்பது மணி சுமாருக்கு ஓட்டத்தை முடித்து, கழுத்தில் ஒரு பதக்கமும் முகத்தில் ஒரு புன்சிரிப்புமாக வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அன்றைக்கு அவனுடைய நடையில் ஒரு ராஜ கம்பீரம் இருந்தது.

மறுநாள் காலையில் அந்தக் கம்பீரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மாடியிலிருந்து இறங்க வேண்டியவன், கைப்பிடிச் சுவரை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு, படிகளுக்கு முகத்தைக் காட்டியபடி, பின்புறமாக ஒவ்வொரு படியாக இறங்கி வந்தான்.

"என்னடா இது, நண்டு மாதிரி இறங்குகிறாய்?" என்று கேட்டாள் என் தாயார்.

"தொடை இரண்டும் கல்லாய்ப் போய்விட்டன, பாட்டி. எல்லாம் லாக்டிக் அமிலம். சதைக்குள்ளே தேங்கியிருக்கிறது. நன்றாக அமுக்கிப் பிழிந்து அதை வெளியேற்ற வேண்டும். நல்ல பலசாலியாக யாராவது ஒருவரைப் பார்த்துச் சொல்லுங்கள்."

"அமிலமோ கிமிலமோ, அதெல்லாம் எனக்குத் தெரியாது. பலசாலி வந்தால் உன்னை இன்னும் இரண்டு நாள் படுக்க வைத்துவிட்டுப் போவான். காலை நீட்டி உட்கார். நல்லெண்ணெய் காய்ச்சிக் கொண்டு வருகிறேன்."

இளஞ்சூடான எண்ணெயைக் கையில் தொட்டுக்கொண்டு, கணுக்காலிலிருந்து மேல்நோக்கி, அவசரமில்லாமல் கால் மணி நேரம் உருவிவிட்டாள். பையன் பாதியிலேயே தூங்கிப்போனான். எழுந்தபோது, "வலி குறைந்திருக்கிறது, மாமா! பார்த்தீர்களா, அமிலம் போய்விட்டது!" என்றான்.

பேரன் சொன்ன காரணம் சரியா, பாட்டி செய்த காரியம் சரியா என்ற கேள்வி அன்று என்னைப் பிடித்துக்கொண்டது. நம் நகரங்களில் இப்போது பிள்ளைகளும் பெண்களும், ஏன், நரைத்த தலைக்காரர்களும்கூட விடியற்காலையில் நெடுந்தூரம் ஓடுகிறார்கள். ஓடிய பிறகு காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். ஆகவே இந்தக் கேள்வி என் வீட்டுக் கேள்வி மாத்திரம் அல்லவென்று தோன்றியது. நான் தேடித் தெரிந்துகொண்டவற்றை நேயர்களுக்குச் சொல்லுகிறேன்.

நாம் கடல் தாண்டி அனுப்பிய கலை

உடம்பைப் பிடித்துவிடுவது நமக்குப் புதிதல்ல. சித்த வைத்தியத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என்று அதை ஒன்பது வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஆயுர்வேதத்தில் எண்ணெய் தேய்ப்பது அப்பியங்கம் எனப்படும். மலையாள நாட்டுக் களரிகளில் வாள் வீசுகிறவர்களுக்கு உழிச்சில் உண்டு. வடநாட்டு மல்யுத்தக் கூடங்களில் மாலிஷ் இல்லாமல் பயில்வான் இல்லை.

இந்தக் கலை எப்படி இங்கிலாந்துக்குப் போயிற்று என்பது ஒரு ருசிகரமான கதை. பாட்னாவில் 1759-ஆம் வருஷத்தில் பிறந்த ஷேக் தீன் மகமது என்பவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டுக் கடல் தாண்டிச் சென்றார். பிற்காலத்தில் பிரைட்டன் என்ற கடற்கரை நகரில் நீராவிக் குளியல் சாலை ஒன்றை ஏற்படுத்தி, வருகிறவர்களுக்கு நம் நாட்டு முறைப்படி உடம்பைப் பிடித்துவிட்டார். கீல்வாயுக்காரர்களும் பிரபுக்களும் திரண்டு வந்தார்கள். நான்காம் ஜார்ஜ், நான்காம் வில்லியம் என்ற இரு மன்னர்களுக்கும் அவர் இந்தப் பணியைச் செய்யும் பதவி பெற்றார். அழுத்துவதைக் குறிக்கும் ஹிந்திச் சொல்லிலிருந்து பிறந்த 'ஷாம்பூ' என்ற வார்த்தைக்கு ஆங்கிலத்தில் அந்நாளில் உடம்பைப் பிடித்துவிடுதல் என்றுதான் அர்த்தம். தலைக்குத் தேய்க்கும் சோப்புத் தண்ணீர் என்ற அர்த்தம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. நம்முடைய கை போய்விட்டது. அதன் நுரை மாத்திரம் குப்பியில் அடைபட்டு நம்மிடமே விலைக்கு வந்துவிட்டது!

ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது ஒரு வைத்திய சாஸ்திரமாக வகுக்கப்பட்டது. ஹாலந்து தேசத்து வைத்தியர் யோஹான் மெட்ஸ்கர் (1838-1909) தடவல், பிசைதல், தேய்த்தல், தட்டல் என்று கையின் தொழிலைப் பிரித்து முறைப்படுத்தினார். 'ஸ்வீடன் மர்த்தனம்' என்று உலகம் அழைக்கும் முறையின் அடிப்படை இதுவே. நம் தொக்கணத்தின் ஒன்பதில் சில இந்த நாலிலும் இருப்பதை நேயர்கள் கவனிக்கலாம். மனிதனுடைய சதை எங்கும் ஒன்றுதானே!

கொடியில்லாத நாட்டின் ஓட்டக்காரர்கள்

நெடுந்தூர ஓட்டத்தையும் மர்த்தனத்தையும் சேர்த்துப் பேசும்போது முதலில் நினைவுக்கு வரும் தேசம் பின்லாந்து. வெந்நீராவி நிரம்பிய மர அறையில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து, பிர்ச் மரக் கிளைகளால் உடம்பை அடித்துக்கொள்ளும் 'சௌனா' குளியலும், அதைத் தொடர்ந்து உடம்பைப் பிடித்துவிடுவதும் அந்த மக்களுடைய வழக்கம். நமக்குச் சனிக்கிழமை எண்ணெய் ஸ்நானம் எப்படியோ, அப்படி அவர்களுக்குச் சௌனா.

1912-ஆம் வருஷம் ஸ்டாக்ஹோம் நகரில் ஒலிம்பிக் பந்தயம் நடந்தபோது பின்லாந்து ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. ஹான்னஸ் கொலஹ்மைனன் என்ற பின்லாந்து வாலிபர், 5,000 மீட்டர், 10,000 மீட்டர், வயல்வெளி ஓட்டம் ஆகிய மூன்றிலும் முதலாவதாக வந்தார். அவர் மாமிசம் உண்ணாதவர் என்பது நம்மில் பலருக்குச் சந்தோஷத்தைத் தரும். 5,000 மீட்டரில் பிரெஞ்சுக்காரரான ழான் பூவனை அவர் வென்றது ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில். ஆனால் வெற்றிக் கம்பத்தில் ஏறியது ருஷ்யக் கொடி. அதைப் பார்த்தபோது, ஜயிக்காமலே இருந்திருக்கலாமே என்று தோன்றியதாக அவர் சொன்னாராம். அடிமை நாட்டில் பிறந்தவர்களுக்கு அந்த வார்த்தையின் வலியை விளக்க வேண்டியதில்லை.

1917-ஆம் வருஷம் டிசம்பர் 6-ஆம் தேதி பின்லாந்து சுதந்திர நாடாயிற்று. 1920-இல் பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் நகரில் நடந்த ஒலிம்பிக் மராத்தானில் கொலஹ்மைனன் 2 மணி 32 நிமிஷம் 35 விநாடியில் ஓடி முதலாவதாக வந்தபோது, அவருடைய சொந்தக் கொடி ஏறியது. அதே பாதையில் அன்றைக்கு நம்மவர் ஒருவரும் ஓடினார். பெல்காம் பக்கத்தைச் சேர்ந்த பதேப்பா சௌகுலே, 2 மணி 50 நிமிஷம் 45 விநாடியில் ஓடிப் பத்தொன்பதாவதாக வந்தார். அவர் ஓடியது அந்நியக் கொடியின் கீழ். அந்தக் கொடி இறங்க இன்னும் 27 வருஷங்கள் பாக்கியிருந்தன.

கொலஹ்மைனனுக்குப் பின்னால் வந்தவர் பாவோ நூர்மி. தந்தையை இழந்து, பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, துர்க்கு நகரத்து மேட்டுத் தெருக்களில் ரொட்டிக் கடைக்காரரின் வண்டியைத் தள்ளிப் பிழைத்த பையன். மூன்று ஒலிம்பிக்குகளில் 9 தங்கப் பதக்கங்களும் 3 வெள்ளிப் பதக்கங்களும் பெற்றார். 1924-ஆம் வருஷம் பாரிஸில் ஜூலை 10-ஆம் தேதி 1,500 மீட்டரில் ஜயித்து, கொஞ்ச நேரம் இளைப்பாறிவிட்டு, அன்றே 5,000 மீட்டரிலும் ஜயித்தார். 12-ஆம் தேதி கொளுத்தும் வெயிலில் நடந்த வயல்வெளி ஓட்டத்தில் கிளம்பிய 38 பேரில் 15 பேர்தான் முடித்தார்கள். வழியெல்லாம் ஆட்கள் சுருண்டு விழுந்தார்கள். நூர்மி ஒன்றும் நடவாதவர் போல முதலாவதாக வந்து நின்றார். மறுநாள் மீண்டும் ஓடினார். நான்கு நாட்களில் ஐந்து தங்கம்!

இந்த மனிதருக்கு இந்த வலு எங்கிருந்து வந்தது என்று உலகம் கேட்டது. மர்த்தனத்தைப் பற்றிய புத்தகங்கள் பல, நூர்மியின் வெற்றிக்கு மர்த்தனமும் ஒரு காரணம் என்று இன்றுவரை எடுத்துக்காட்டி வருகின்றன. 1972-இல் மியூனிக் நகரில் 10,000 மீட்டர் பந்தயத்தின் நடுவே தடுக்கி விழுந்து, எழுந்து ஓடி, உலக சாதனையோடு ஜயித்த மற்றொரு பின்லாந்துக்காரரான லாஸ்ஸ வீரனைப் பற்றியும் இப்படியே சொல்கிறார்கள்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசித்தால் ஒரு சந்தேகம் எழுகிறது. நூர்மி மர்த்தனம் செய்துகொண்டதால் அப்படி ஓடினாரா? அல்லது, அப்படி ஓடியதால் அவருக்கு மர்த்தனம் தேவைப்பட்டதா? வருஷக்கணக்காகக் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பனியிலும் மழையிலும் அவர் செய்த அப்பியாசத்தை மறந்துவிட்டு, கடைசியில் காலைப் பிடித்தவருக்கு மாலை போடுவது நியாயமாகுமா? இந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, கதையை விட்டுச் சோதனைச் சாலைக்குள் நுழைய வேண்டியிருக்கிறது.

குற்றமில்லாத அமிலம்

முதலில் என் மருமான் குற்றம் சாட்டிய லாக்டிக் அமிலத்தை விசாரிப்போம்.

1907-இல் கேம்பிரிட்ஜில் பிளெட்சர், ஹாப்கின்ஸ் என்ற இருவர், களைத்துப்போன தவளைச் சதையில் இந்த அமிலம் சேர்வதைக் காட்டினார்கள். களைப்பு இருக்கும் இடத்தில் அமிலமும் இருக்கிறது. ஆகவே அமிலந்தான் களைப்புக்குக் காரணம், மறுநாள் வலிக்கும் அதுவே காரணம் என்று ஜனங்கள் முடிவு கட்டிவிட்டார்கள். திருட்டு நடந்த வீட்டு வாசலில் நின்றவனைப் பிடித்துத் தண்டித்த கதைதான்.

உண்மை வேறு. வேகமாக ஓடும்போது சதையில் உண்டாகும் இந்தப் பொருள், ஓட்டம் நின்ற ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது. அதுவும் வீணாகப் போவதில்லை. இருதயமும் மற்றத் தசைகளும் அதை எரித்துச் சக்தியாக்கிக்கொள்கின்றன என்று கலிபோர்னியாவில் ஜார்ஜ் புரூக்ஸ் என்ற பேராசிரியரின் ஆராய்ச்சிகள் 1980-களிலிருந்து விளக்கியிருக்கின்றன. மராத்தான் ஓடியவனுக்கு வலி உச்சத்துக்கு வருவது ஒன்றிரண்டு நாட்கள் கழித்து. அதற்குள் அமிலம் போன இடம் தெரிவதில்லை.

அப்படியானால் மறுநாள் வலிப்பது எதனால்? 1902-ஆம் வருஷத்திலேயே அமெரிக்காவில் தியோடோர் ஹஃப் என்ற உடலியல் பேராசிரியர் இதற்கு விடை சொல்லிவிட்டார். சதையின் உள்ளேயே நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன என்பது அவர் அபிப்பிராயம். ஒவ்வொரு முறை பாதம் தரையில் படும்போதும் முன்தொடைச் சதை, நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைத் தாங்குகிறது. இறக்கத்தில் ஓடும்போது இந்தச் சுமை இன்னும் அதிகம். இப்படிப் பல்லாயிரம் தடவை நடந்தால் சதை நார்கள் சேதமடைகின்றன. உடம்பு அவற்றைச் செப்பனிடத் தொடங்குகிறது. செப்பனிடும் வேலையோடு வீக்கமும் வலியும் வருகின்றன. படி ஏறுவதைவிட இறங்குவது கடினமாக இருப்பதன் ரகசியமும் இதுவே. இறங்கும்போது அதே சதை, அதே விதமாக, மறுபடியும் நீண்டு பாரம் தாங்க வேண்டியிருக்கிறது. நண்டு நடை நடந்த பையன், தன்னை அறியாமலே உடலியல் சாஸ்திரத்தை அனுசரித்திருக்கிறான்.

பிழிந்து வெளியேற்றும் விஷயம் என்ன ஆயிற்று? 2010-இல் கனடா தேசத்துக் கிங்ஸ்டன் நகரில் உள்ள க்வீன்ஸ் சர்வகலாசாலையில் இதைச் சோதித்தார்கள். முன்கைச் சதையைக் களைக்கச் செய்து, பிறகு அதைப் பிடித்துவிட்டு, ரத்த ஓட்டத்தை அளந்தார்கள். அழுத்தும் கை அமிலத்தைத் துரத்தவில்லை. அழுத்துகிற நேரத்தில் ரத்த ஓட்டத்தைத் தடுத்து, அமிலம் போவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தவே செய்தது! சும்மா மெதுவாக நடந்தாலே அமிலம் சீக்கிரம் குறைந்துவிடும். ஆகவே, பேரன் சொன்ன காரணம் தவறு என்று தீர்ப்பாகிவிட்டது.

கை உண்மையில் என்ன செய்கிறது?

பாட்டி செய்த காரியத்துக்கு வருவோம். பையனுக்கு வலி குறைந்தது பொய்யல்லவே?

2012-இல் கனடாவிலேயே ஹாமில்டன் நகரில் உள்ள மக்மாஸ்டர் சர்வகலாசாலையில் ஒரு நூதனமான சோதனை நடந்தது. 11 வாலிபர்களைச் சைக்கிள் மிதிக்க வைத்துக் களைக்கச் செய்தார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் ஒரு காலை மாத்திரம் பத்து நிமிஷம் பிடித்துவிட்டு, மற்றக் காலை அப்படியே விட்டுவிட்டார்கள். இரண்டு தொடைகளிலிருந்தும் துளித் துளியாகச் சதையை எடுத்து ஆராய்ந்தார்கள். பிடித்துவிட்ட காலில், வீக்கத்தைத் தூண்டும் இரசாயனக் குறிகள் குறைந்திருந்தன. சதை அணுக்களுக்குள் சக்தியைத் தயாரிக்கும் நுண்ணுறுப்புகள் பெருகுவதற்கான அறிகுறியும் தென்பட்டது. லாக்டிக் அமிலத்தின் அளவில் மாத்திரம் இரண்டு கால்களுக்கும் வித்தியாசமில்லை. பதினொரே பேரிடம், ஒரே முறை செய்த சோதனை என்பதை மறக்கக் கூடாது. என்றாலும், கையின் ஸ்பரிசம் தோலோடு நின்றுவிடவில்லை என்று அது காட்டுகிறது.

2020-இல் இங்கிலாந்தில் ஷெப்பீல்டு சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள், இந்த விஷயத்தில் அதுவரை செய்யப்பட்ட சோதனைகளில் தரமான 29-ஐப் பொறுக்கிச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 1,012 பேர். மர்த்தனத்தினால் ஓட்டத்தின் வேகமோ, தாக்குப்பிடிக்கும் சக்தியோ, சதையின் பலமோ கூடியதற்கு அத்தாட்சி கிடைக்கவில்லை. உடம்பின் வளையும் தன்மை சிறிது கூடுகிறது. மறுநாள் வலி சிறிது குறைகிறது. இவ்வளவே கண்ட பலன்.

கலிபோர்னியா மலைகளில் 161 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயம் ஒன்று வருஷந்தோறும் நடக்கிறது. அதை ஓடி முடித்தவர்களில் சிலருக்கு இருபது நிமிஷம் மர்த்தனம் செய்து, மற்றவர்களோடு ஒப்பிட்ட ஆராய்ச்சி 2016-இல் வெளியாயிற்று. பிடித்துவிட்ட உடனே வலி குறைந்தது. களைப்பும் கொஞ்சம் தணிந்தது. அடுத்த நாட்களில் பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை.

இதைப் படித்து நம் கலைக்கு அபகீர்த்தி வந்துவிட்டதாக யாரும் வருத்தப்பட வேண்டாம். வலியைச் சிறிது நேரம் குறைப்பது சின்னக் காரியமா? இடித்துக்கொண்ட முழங்கையை நாம் உடனே தேய்த்துக்கொள்கிறோம். தொடு உணர்ச்சியின் செய்தி நரம்பு வழியே போகும்போது, வலியின் செய்திக்கு முதுகுத் தண்டிலேயே பாதி கதவு அடைபடுகிறது என்று 1965-இல் மெல்ஸாக், வால் என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு கொள்கையை வெளியிட்டார்கள். வலி குறைந்தால் மனம் அடங்குகிறது. மனம் அடங்கினால் தூக்கம் வருகிறது. தூக்கத்தில்தான் உடம்பு தன்னைச் செப்பனிட்டுக்கொள்ளும் வேலை சரியாக நடக்கிறது. மேலும், கால் மணி நேரம் ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தால், ஓட்டக்காரன் அந்தக் கால் மணி நேரமாவது ஓடாமல் இருக்கிறான்! ஓய்வு என்றால் வேப்பங்காயாக நினைக்கும் இந்த ஜாதியாருக்கு அதுவே ஒரு பெரிய வைத்தியம்.

இன்னொரு நன்மையும் உண்டு. அதை எந்தச் சோதனைச் சாலைத் தராசிலும் நிறுத்துப் பார்ப்பது கஷ்டம். 2019-ஆம் வருஷம் அக்டோபர் 12-ஆம் தேதி வியன்னாவில் மராத்தான் தூரத்தை 1 மணி 59 நிமிஷம் 40 விநாடியில் கடந்து உலகத்தை வியக்க வைத்த கென்யா தேசத்து எலியட் கிப்சோகே, பயிற்சிக் காலம் முழுவதும் முறைப்படி மர்த்தனம் செய்துகொள்பவர். அப்படி வாரந்தோறும் ஒரே கால்களைத் தொட்டுப் பழகிய கைக்கு, அந்தக் கால்களின் சரித்திரமே தெரியும். நேற்று இளக்கமாக இருந்த இடம் இன்று இறுகியிருக்கிறதா, வலது காலுக்கு இல்லாத சூடு இடது காலுக்கு இருக்கிறதா என்பதை ஓட்டக்காரன் உணர்வதற்கு முன்பே அந்தக் கை உணர்ந்துவிடும்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

எண்ணெயும் கையும் நல்லவையே. ஆனால் இடமும் காலமும் தெரியாமல் பிரயோகித்தால் அவையே பகையாகும்.

கொலஹ்மைனன் புகழ் பெற்ற அதே 1912-ஆம் வருஷத்து ஸ்டாக்ஹோம் பந்தயத்தில், ஜூலை 14-ஆம் தேதி கடும் வெயிலில் மராத்தான் நடந்தது. போர்த்துகல் நாட்டுக் கொடியைத் தாங்கி வந்த பிரான்சிஸ்கோ லாஸரோ என்ற தச்சுத் தொழிலாளர் அதில் ஓடினார். வெயில் தாக்காமலிருக்க உடம்பெல்லாம் கொழுப்புப் பொருளைப் பூசிக்கொண்டு ஓடியதாகச் சொல்கிறார்கள். வியர்வை வெளியே வர வழியில்லாமல் உடம்பின் சூடு உள்ளேயே ஏறியது. ஏறக்குறைய முப்பதாவது கிலோமீட்டரில் சுருண்டு விழுந்தவர் மறுநாள் காலையில் காலமானார். ஓடுவதற்கு முன்னால் உடம்பில் கெட்டியாக எண்ணெயோ களிம்போ பூசிக்கொண்டு வெயிலில் இறங்கக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டியதில்லை.

வீட்டிலுள்ளவர்கள் மனத்தில் பதிய வைத்துக்கொள்ள வேண்டியவை வேறு சிலவும் உண்டு:

ஒரு கெண்டைக்கால் மாத்திரம் வீங்கி, சிவந்து, சூடாக இருந்தால் அதைத் தொடவே கூடாது. முக்கியமாக, பந்தயம் முடிந்து பல மணி நேரம் ரயிலிலோ விமானத்திலோ உட்கார்ந்து வந்தவர்களுக்கு, உள்ளே ரத்தம் உறைந்திருக்கக்கூடும். அமுக்கினால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே வைத்தியரிடம் போக வேண்டும்.

ஓடிய பிறகு சிறுநீர் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் போனால், சதை அளவுக்கு மீறிச் சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று அர்த்தமாகலாம். அப்போது தேவைப்படுவது ஆஸ்பத்திரி. எண்ணெய்க் கிண்ணம் அல்ல.

ஓடும்போது 'பட்'டென்று சதை கிழிந்தாற்போல் வலித்து, வீங்கிக் கன்றிப்போனால், முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு அந்த இடத்தில் அழுத்தம் கூடாது. காய்ச்சல் உள்ளவருக்கும், தோலில் புண் உள்ள இடத்திலும், நரம்பு சுருண்டு புடைத்த இடத்திலும் தேய்க்கக் கூடாது. முழங்காலின் பின்பக்கக் குழியில் ஆழமாக அழுத்துவதும் தவறு. அங்கே ரத்தக் குழாயும் நரம்பும் தோலுக்கு அருகில் ஓடுகின்றன.

வீட்டில் செய்யும் முறை

பந்தயம் முடிந்து வந்தவன் முதலில் கொஞ்சம் நடக்க வேண்டும், தண்ணீரும் உப்பும் சேர்ந்த நீர்மோரோ கஞ்சியோ குடிக்க வேண்டும், சாப்பிட வேண்டும். கை அப்புறம் வரலாம். அன்றைக்கு இலேசாகத் தடவி உருவுவது போதும். பலத்தைக் காட்டிப் பிசைவதை இரண்டொரு நாள் தள்ளிப்போடுவது நல்லது. கிழிந்த துணியைத் துவைக்கிறவன் கல்லில் ஓங்கி அடிப்பானா?

கணுக்காலிலிருந்து முழங்காலுக்கும், முழங்காலிலிருந்து இடுப்புக்குமாக, மேல்நோக்கி உருவ வேண்டும். பிறகு கெண்டைச் சதையையும் தொடைச் சதையையும் மாவு பிசைவதுபோல் மெதுவாகப் பிசையலாம். பாதத்தின் அடியில் கட்டைவிரலால் குதிகாலிலிருந்து விரல்கள் வரை அழுத்திக்கொண்டு போகலாம். ஒரு காலுக்குப் பத்து நிமிஷம் ஏராளம். இதமான நோவு இருக்கலாம். பல்லைக் கடிக்கும்படி நேர்ந்தால் கை அளவு மீறிவிட்டது என்று அறிய வேண்டும்.

நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவானாலும் சரியே. எண்ணெய் எலும்புக்குள் இறங்கி அதிசயம் செய்கிறது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. கை உராயாமல் வழுக்கிச் செல்வதற்கும், இளஞ்சூடு இதமளிப்பதற்கும் அது உதவுகிறது. அதுவே போதுமான உபகாரம். உள்ளங்கால் எண்ணெயை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். 42 கிலோமீட்டர் விழாமல் ஓடியவன் குளியலறையில் வழுக்கி விழுவது பரிதாபமல்லவா?

பிடித்துவிட ஆளில்லாதவர்களுக்குக் கடையில் ரப்பர் நுரை உருளைகள் விற்கிறார்கள். தரையில் போட்டு அதன்மேல் தொடையை உருட்டிக்கொள்ளலாம். சமையலறைச் சப்பாத்திக் கட்டையை எடுத்து உபயோகிப்பவர்களும் உண்டு. அதில் வைத்திய சாஸ்திரத்துக்கு ஆட்சேபம் இல்லை. வீட்டு எஜமானியின் ஆட்சேபத்துக்கு நான் ஜவாப்தாரியல்ல.

பந்தயத்துக்கு முந்தின தினம் புதிதாக யாரிடமும் போய் ஆழமாக அமுக்கிக்கொள்ளக் கூடாது. சதை நொந்து, ஓடும் நாளில் பழி வாங்கும். ஆழ்ந்த மர்த்தனம் வேண்டுமானால் சில நாட்கள் முன்பே முடித்துவிட வேண்டும்.

எலும்பை யார் பிடிப்பது?

என் மருமானின் கதை இன்னும் கொஞ்சம் பாக்கியிருக்கிறது.

மராத்தான் வலி நான்கே நாட்களில் போய்விட்டது. உற்சாகம் தலைக்கேறிய பையன், அடுத்த பந்தயத்துக்கு முன்னிலும் அதிகமாக ஓட ஆரம்பித்தான். பங்குனி மாதத்தில் இடது காலின் முன்பக்கத்தில் வலி கண்டது. "சதை முடிச்சு விழுந்திருக்கிறது. பலமாக அழுத்தி எடுத்தால் சரியாய்ப் போய்விடும்" என்று சொல்லி, நகரத்தில் ஒருவரிடம் மர்த்தனத்துக்கு நாளும் குறித்துவிட்டான்.

முதல் நாள் இரவு பாட்டி வழக்கம்போல எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். கெண்டைச் சதையில் கை போகும்போது பையன் பேசாமல் இருந்தான். முன்னெலும்பில், கட்டைவிரல் அகலமே உள்ள ஓர் இடத்தில் விரல் பட்டதும் துள்ளினான். பாட்டி மறுபடியும் மேலும் கீழும் மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள். வலி அந்த ஓர் இடத்தைவிட்டு நகரவில்லை. கையை எடுத்துக்கொண்டாள்.

"இது சதை நோவு இல்லை. சதையைப் பிடிக்கலாம், எலும்பை யார் பிடிப்பது? நாளைக்கு அமுக்குகிறவனிடம் போகாதே, வைத்தியரிடம் போ."

பையன் முணுமுணுத்துக்கொண்டே போனான். சாதாரண எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியவில்லை. வைத்தியர் விடாமல் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கச் சொன்னார். அதில், முன்னெலும்பில் நூலிழை போன்ற ஒரு விரிசலின் ஆரம்பம் தெரிந்தது. மேலும் ஓடியிருந்தால், எலும்பு முழுவதும் முறிந்து போயிருக்கலாம் என்றார் வைத்தியர். எட்டு வாரங்களுக்கு ஓட்டம் கூடாது என்று உத்தரவாயிற்று.

பாட்டி எந்த மர்த்தன நூலும் படித்ததில்லை. சோதனைச் சாலையையும் கண்டதில்லை. ஆனால் எந்த இடத்தில் அழுத்துவது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. நமது பழைய கலைகளைக் காப்பாற்ற வேண்டும் என்று மேடைகளில் பேசுகிறோம். இல்லாத சக்திகளை அவற்றின் தலையில் ஏற்றுவதைவிட, உள்ள சக்தியை உள்ளபடி அறிந்து, அதன் எல்லையில் நிற்கக் கற்றுக்கொள்வதே அவற்றைக் காப்பாற்றும் வழியென்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனி மாதத்தில் பையன் மறுபடியும் மெதுவாக ஓடத் தொடங்கினான். லாக்டிக் அமிலத்தைப் பற்றி இப்போதெல்லாம் அவன் பேசுவதில்லை. ஓடிவிட்டு வந்ததும் திண்ணையில் காலை நீட்டி உட்காருகிறான். பாட்டி எண்ணெயைத் தொடுவதற்கு முன்னால், அந்த இடது கால் முன்னெலும்பை ஒரு தடவை விரலால் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள்.